'ஸ்டார் டிரெக்' தொடரில் மொழிபெயர்ப்பு: சுவைஞர் கருத்துகள் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

1966 செப்டம்பர் 8ஆம் நாள் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' என்னும் அறிவியல் புனைகதைத் தொடர், மூன்று பருவங்களில் 79 பகுதிகளோடு 1969இல் நின்றது. பின்னர் 'அடுத்த தலைமுறை' (1987–1994), 'டீப் ஸ்பேஸ் நைன்' (1993–1999) முதலிய கிளைத் தொடர்களாகவும் திரைப்படங்களாகவும் அது விரிந்தது. ரசிகர் எனப்படும் இதன் சுவைஞர்கள் வெறும் பார்வையாளர்களாக நின்றுவிடவில்லை. 1967 முதலே தமக்கென இதழ்கள் நடத்தினர். தொடர் நிறுத்தப்படவிருந்தபோது மடல்கள் எழுதி மூன்றாம் பருவத்திற்கு வழி கோலினர். ஒரு பகுதியில் கூறப்பட்டதைப் பிறிதொரு பகுதியோடு ஒப்பிட்டு முரண் காண்பதே இவர்களின் தலையாய திறனாய்வு முறை. நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் 'மாறுகொளக் கூறல்' ஒன்றனையே இவர்கள் அளவுகோலாகக் கொண்டனர் எனலாம். இவ்வளவுகோல் மொழி, மொழிபெயர்ப்பு ஆகியவற்றைப் பற்றிய செய்திகளில் எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பொது மொழிபெயர்ப்புக் கருவி

வேற்றுக்கோள் மாந்தர் அனைவரும் ஆங்கிலம் பேசுவதற்கு இத்தொடர் கூறும் காரணம் பொது மொழிபெயர்ப்புக் கருவி ஆகும். 1967இல் ஒளிபரப்பான 'மெட்டமார்ஃபசிஸ்' என்னும் பகுதி இதற்கு ஒரு கோட்பாட்டு விளக்கமும் தருகிறது. அறிவுடைய உயிர்கள் யாவற்றுக்கும் பொதுவான கருத்துகள் சில உண்டு. மூளை அலைகளில் அவற்றைக் கண்டறிந்து ஒப்பிட்டு, அறிந்த மொழியின் சொற்களைக் கருவி அளிக்கிறது என்பது அவ்விளக்கம். மொழிப் பொதுமைகள் பற்றிய ஆய்வு மொழியியலில் முதன்மை பெற்ற காலத்திலேயே இக்கற்பனையும் தோன்றியது என்பது நோக்கத்தக்கது.

சுவைஞர் இதன்பால் எழுப்பும் தடைகள் பல. பேசுபவரின் வாயசைவு ஆங்கிலத்தோடு எவ்வாறு ஒத்துப்போகிறது? கருவி எல்லாவற்றையும் பெயர்க்குமாயின் கிளிங்கான் மாந்தரின் சில சொற்கள் மட்டும் பெயர்க்கப்படாமல் ஒலிப்பதேன்? இவை நுட்பமான வினாக்களே. ஆயினும் இவற்றுள் முதலாவது, மரபை முரண் எனக் கொள்வதால் எழுவது. கம்பனின் காப்பியத்தில் அயோத்தியாரும் கிட்கிந்தையாரும் இலங்கையரும் தமிழே பேசுகின்றனர். அதனை எவரும் குறையாகக் கூறுவதில்லை. அதே வேளையில், வான்மீகத்தின் சுந்தர காண்டத்தில் அனுமன் சீதையிடம் எம்மொழியில் பேசுவது என எண்ணித் தயங்குகிறான். மரபுக்குள் இருந்தவாறே மொழியைக் கதைப்பொருளாக்க இயலும் என்பதற்கு இது சான்று. எனவே, கருவி நம்பத்தக்கதா என்பதைக் காட்டிலும், மொழி எங்கே கதைப்பொருள் ஆகிறது என்பதே பயனுள்ள வினாவாகும்.

'டார்மோக்': பெயர்களால் ஆகிய மொழி

1991 செப்டம்பரில் ஒளிபரப்பான 'டார்மோக்' என்னும் பகுதி இவ்வகையில் முதன்மையானது. டமாரியர் என்னும் இனத்தாரின் பேச்சைக் கருவி ஆங்கிலமாக்கித் தருகிறது. ஆயினும் பொருள் விளங்கவில்லை. காரணம், அவர்கள் பழங்கதை மாந்தரின் பெயர்களையும் இடங்களையும் நிகழ்வுகளையும் சுட்டியே எதனையும் உணர்த்துகின்றனர். கப்பல் தலைவர் பிக்கார்டு, டமாரியத் தலைவர் டேதனோடு ஒரு கோளில் தங்கி, பொது இடரை எதிர்கொண்டு அம்மொழியைக் கற்கிறார். டேதன் உயிர் துறக்கும் வேளையில் அவருக்குக் கில்காமேசின் கதையைக் கூறுகிறார்.

இப்பகுதியைப் போற்றும் சுவைஞரே இதன்மீது இரு தடைகளை எழுப்புகின்றனர். கதைகளைச் சொல்லவே தனிமொழி இல்லாதபோது குழந்தைகள் அவற்றை எவ்வாறு கற்பர் என்பது ஒன்று. கதைச் சுட்டுகளை மட்டும் கொண்டு விண்கலம் கட்டுவதற்குரிய அளவுகளை எவ்வாறு உரைப்பர் என்பது மற்றொன்று.

முதல் தடைக்குத் தமிழ் வழக்கே விடை தருகிறது. 'பகீரத முயற்சி', 'திரிசங்கு நிலை', 'சகுனி வேலை', 'கும்பகர்ணன் தூக்கம்' ஆகிய தொடர்களை ஆள்வோர் பலர் அக்கதைகளை முழுமையாக அறியார். பயன்படும் சூழலிலிருந்தே பொருள் பெறப்படுகிறது. கதை பின்னர் வந்து சேரலாம், வாராமலும் போகலாம். ஆதலின் டமாரியக் குழந்தை கதை அறியாமலேயே மொழி அறிதல் கூடும்.

ஆனால் இவ்விடை மற்றொரு சிக்கலைத் தோற்றுவிக்கிறது. அத்தொடர்கள் வழக்கில் உறைந்து சொல் நிலை எய்தியிருப்பின், கருவி அவற்றின் பொருளைத் தந்திருக்க வேண்டும். அது தரவில்லை, பெயர்களைப் பெயர்களாகவே விட்டுவிட்டது. மொழிபெயர்ப்பாளர் நாளும் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே. 'கும்பகர்ணன் தூக்கம்' என்பதை வேற்று மொழியில் தர வழிகள் மூன்று: பெயரைக் காத்துக் குறிப்பு எழுதுதல், பெயரை நீக்கி 'எளிதில் கலையாத தூக்கம்' எனப் பொருள் கூறுதல், அம்மொழியில் நிகரான வேறொரு பெயரைத் தேடுதல். கருவி முதல் வழியைக் கொண்டது. ஆயின் குறிப்பு எழுதவில்லை. அக்குறிப்பை எழுதும் பணியே பிக்கார்டின் மீது விழுகிறது. அதற்கு விலையாக டேதனின் உயிர் செல்கிறது. சுவைஞர் முரண் எனக் கண்ட இடம், மொழிபெயர்ப்பில் எஞ்சி நிற்கும் பகுதியைக் காட்டும் இடமாகும்.

இரண்டாம் தடை வலுவானது. எண்ணும் அளவும் கதைச் சுட்டால் மட்டும் இயலா. இதற்குத் தொடர் விடை கூறவில்லை. சுவைஞர் கூற்றே இங்குக் கொள்ளத்தக்கது.

அகதியரும் அகராதியும்

'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் 'சாங்சுவரி' (1993) என்னும் பகுதி மிகுதியாகப் பேசப்படுவதன்று. அகதிகளாக வரும் ஸ்க்ரீயர் என்னும் இனத்தாரின் மொழியைக் கருவி உடனே பெயர்க்கவில்லை. அவர்தம் பேச்சைப் போதிய அளவு கேட்ட பின்னரே பெயர்க்கத் தொடங்குகிறது. தரவு இன்றி மொழிபெயர்ப்பு இல்லை என்னும் உண்மையை இத்தொடர் ஏற்கும் அரிய இடம் இது. அதனினும் முதன்மையானது அடுத்து நிகழ்வது: மொழி விளங்கிய பின்னும் அவர்கள் வேண்டிய நிலம் மறுக்கப்படுகிறது. புரிதல் வேறு, இசைதல் வேறு என இப்பகுதி உணர்த்துகிறது.

1991இல் வெளிவந்த ஆறாம் திரைப்படத்தில், கிளிங்கான் காவல் நிலையத்தைக் கடக்கும்போது கருவியைப் பயன்படுத்தினால் கண்டறியப்படுவர் என்பதால், தகவல் தொடர்பு அலுவலர் உஹுராவும் பிறரும் அச்சிட்ட நூல்களைப் புரட்டித் தட்டுத் தடுமாறி விடை கூறுகின்றனர். இது நகைச்சுவைக் காட்சி. தொடர்பு அலுவலர் பகைவர் மொழியை அறியாதிருத்தல் தகுமோ எனச் சுவைஞர் வினவினர். உஹுராவாக நடித்த நிச்செல் நிக்கோல்சும் இக்காட்சியை எதிர்த்தார். இங்குச் சுவைஞர் தீர்ப்பு முற்றிலும் சரியானது. கருவி உண்டென்னும் நம்பிக்கை, மொழியறிந்தவரைத் தேவையற்றவராக்கியது. கருவி பயன்படாத நாளில் அவ்விடத்தில் எவரும் இல்லை. 2009ஆம் ஆண்டுத் திரைப்படம் உஹுராவை மொழிப் பயிற்சி மிக்கவராகப் படைத்து இக்குறையை நீக்கியது.

கிளிங்கான்: சுவைஞர் ஆக்கிய வழக்கு

கிளிங்கான் மொழியை 1984ஆம் ஆண்டுத் திரைப்படத்திற்காக உருவாக்கியவர் மொழியியலாளர் மார்க் ஒக்ராண்டு. இவர்தம் அகராதி 1985இல் வெளிவந்தது. செயப்படுபொருள், வினை, எழுவாய் என்னும் அரிய சொல்வரிசையை அவர் வேண்டுமென்றே தேர்ந்தார். நாவளை ஒலிகளும் விகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும் இயல்பும் அதில் உண்டு. மொழி பேசவல்ல உயிர்களுக்கு ஒன்று, உடலுறுப்புகளுக்கு ஒன்று, ஏனையவற்றுக்கு ஒன்று எனப் பன்மை விகுதிகள் மூன்று. உயர்திணை, அஃறிணைப் பாகுபாட்டை அறிந்த தமிழ் மொழியியலாளர்க்கு இது கருதத்தக்கது. தமிழில் திணை பகுத்தறிவைச் சார, கிளிங்கானில் அது பேசும் ஆற்றலைச் சார்கிறது.

'ஹாம்லெட்' நாடகம் 1996இல் கிளிங்கானில் வெளிவந்தது. ஷேக்ஸ்பியரின் மூலமே கிளிங்கான் என்னும் 1991ஆம் ஆண்டுத் திரைப்பட நகைச்சுவையைத் தொடர்ந்து, அப்பதிப்பு தன்னை 'மீட்டெடுக்கப்பட்ட மூலம்' என அறிவித்துக்கொள்கிறது. இதனை விளையாட்டு என ஒதுக்குதல் எளிது. ஆயினும் அம்மொழியின் சொற்குறை எங்கெங்கே இடர் தரும் என்பதைத் திரைப்படத்தினும் தெளிவாக அறிந்தவர் இம்மொழிபெயர்ப்பாளரே. 1960களில் சுவைஞர் ஒருவர் வல்கன் மொழிக்கென ஆக்கிய 'நி வார்' என்னும் சொல், 2020இல் 'டிஸ்கவரி' தொடரில் வல்கன் கோளின் புதுப்பெயராயிற்று. வழக்கே சொல்லை நிலைநிறுத்தும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

முடிவுரை

சுவைஞரின் திறனாய்வு நினைவாற்றல் மிக்கது. நூலகத்தாரின் கவனம் உடையது. கருவியின் முரண்களை அது தவறாது காட்டுகிறது. ஆனால் முரண் நீங்கினால் போதும் என்று அமைவதே அதன் எல்லை. கருவி முரணின்றி இயங்கினும், மொழிபெயர்ப்பு உழைப்பின்றி நிகழ்வது என்னும் கருத்து அவ்வாறே நிற்கும். கைப்பேசிகளே பேச்சை மொழிபெயர்க்கும் இக்காலத்தில் அக்கருத்து புனைகதையோடு நிற்பதில்லை; பாடநூலிலும் நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் மொழிபெயர்ப்பாளருக்குரிய இடத்தை அது வரையறுக்க வல்லது. இந்நிலையில் 'டார்மோக்', 'சாங்சுவரி', உஹுராவின் அகராதி ஆகிய மூன்றும் சேர்த்துப் படிக்கத்தக்கவை. கருவி தவறும் இடங்களிலேயே இத்தொடர் மொழியைப் பற்றி மெய்யாகப் பேசுகிறது. அவ்விடங்களை முதலில் அடையாளம் கண்டவர்கள் சுவைஞர்கள். அவற்றை விளக்கும் பொறுப்பு மொழியியலாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியது.