ஷெல்லுக்குள் ஒரு பிராணி

கற்பனைப் போர்களில் வரும் ஆயுதங்களுக்குப் பெரும்பாலும் ஒரு மிடுக்கு உண்டு. மலையைப் பிளக்கும் வாள், நெருப்பு கக்கும் நாகம், கோளையே பொசுக்கும் கதிர் என்று எல்லாமே பார்ப்பவரை வாய்பிளக்க வைப்பதற்காகவே செய்தவை. வால்வ் நிறுவனம் 2004இல் வெளியிட்ட ‘ஹாஃப்-லைஃப் 2’ வீடியோ கேமில் வரும் ஓர் ஆயுதத்துக்கு அந்த மிடுக்கு அறவே கிடையாது. வானத்திலிருந்து ஓர் உலோக ஷெல் சீறிக்கொண்டு வந்து மண்ணில் குத்திட்டு நிற்கும். மூடி திறக்கும். உள்ளேயிருந்து தோலுரித்த கோழி மாதிரி நாலைந்து ஜந்துக்கள் தள்ளாடியபடி வெளியே வரும். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றும்.

ஹெட்கிராப் என்று பெயர். முன்பக்கம் கூரான இரண்டு நீளக் கால்கள், பின்பக்கம் குட்டையாக இரண்டு. வாய் அடிவயிற்றில் இருக்கிறது. கண் என்று எதுவும் தென்படாது. நடக்கும்போது பரம சாது. திடீரென்று ஒரு கீச்சுக் குரலோடு எம்பித் தாவும். மனிதத் தலையைக் கவ்விப் பிடித்துவிட்டால் அதன்பிறகு அந்த உடம்பு அதனுடையது. உடம்புக்காரர் ஜாம்பியாக எழுந்து நடப்பார்.

ஏன் தலை? ஜாம்பிக் கதைகளில் மூளைக்கு இருக்கும் மவுசு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இது விளையாடுபவரின் கண்வழியே ஓடும் கேம். நாயகன் கார்டன் ஃப்ரீமனின் முகமோ உடம்போ நமக்குத் தெரிவதில்லை. திரை முழுவதும் அவன் தலை பார்க்கும் காட்சிதான். அதாவது இந்த உலகத்தில் நாம் என்பதே ஒரு தலை மட்டும். குறிபார்த்து அதையே பிடுங்க வரும் பிராணியைப் படைத்தவருக்குத் தன் ஊடகம் அத்துப்படி என்றுதான் சொல்ல வேண்டும்.

1998இல் வந்த முதல் ‘ஹாஃப்-லைஃப்’ கேமில் இது ஆயுதம் அல்ல. பிளாக் மெசா ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை தறிகெட்டுப்போய், ஸென் என்கிற வேற்றுலகத்திலிருந்து வந்து சேர்ந்த வெறும் விலங்கு. வந்த இடத்தில் வயிற்றுப்பாட்டைப் பார்த்தது, அவ்வளவே. இரண்டாவது கேமில் கம்பைன் என்ற வேற்றுலகப் பேரரசு பூமியை ஆள்கிறது. ஏழே மணி நேரத்தில் மனிதகுலத்தைத் தோற்கடித்தவர்கள். அவர்களுக்குப் புது ஆயுதம் தேவையே இல்லை. ஆனாலும் இந்த விலங்கைப் பிடித்து ஷெல்லில் அடைத்து, அகதிகளுக்கு இடம் கொடுத்த ஊர்களின்மேல் எறிகிறார்கள். குண்டு போட்டால் செத்தவர்களோடு கணக்கு முடியும். இதைப் போட்டால், விழுந்த ஒவ்வொருவரும் எழுந்து பக்கத்து வீட்டுக்காரரைத் தேடிப் போவார்கள். கம்பைன் தரப்பில் ஓர் ஆள்கூட அந்த ஊருக்குள் கால்வைக்க வேண்டியதில்லை.

மிகைக் கற்பனை என்று தள்ள முடியவில்லை. 1940இல் சீனாவின் நிங்போ நகரத்தின்மேல் ஜப்பானிய ராணுவம் பிளேக் கிருமி ஏற்றிய தெள்ளுப்பூச்சிகளைத் தானியத்தோடு கலந்து விமானத்திலிருந்து கொட்டியது. தெள்ளுப்பூச்சிக்கு எந்தப் பகையும் கிடையாது. ஹெட்கிராப்புக்கும் கிடையாது. கேமில் க்ளைனர் என்ற விஞ்ஞானி லமார் என்று பெயரிட்டு ஒரு ஹெட்கிராப்பைச் செல்லமாக வளர்க்கிறார். அலகு நீக்கப்பட்ட லமாரும் கிடைத்த தலையிலெல்லாம் ஏறத்தான் பார்க்கிறது, ஆனால் ஒன்றும் ஆவதில்லை. இந்தச் சிரிப்பூட்டும் காட்சியை ஆரம்பத்திலேயே வைத்துவிட்டார்கள். பின்னால் ஊரே அழிந்து கிடப்பதைப் பார்க்கும்போது கோபம் பிராணிமேல் போகாமல் அடைத்து அனுப்பியவன்மேல் போவதற்கு லமாரும் ஒரு காரணம்.

அந்த ஊர் ரேவன்ஹோம். அங்கே இப்போது யாரும் போவதில்லை என்று முதலில் பேச்சுவாக்கில் காதில் விழும். பிறகு வேறு வழியில்லாமல் அதற்குள்ளேயே தள்ளப்படுவோம். கேமின் கலை இயக்குநர் விக்டர் அன்டோனோவ் பல்கேரியாவின் சோஃபியாவில் பிறந்தவர்; மரக் கூரைகளும் குறுகல் சந்துகளுமாக விரியும் இந்தச் சுரங்க ஊரிலும் அந்தக் கிழக்கு ஐரோப்பிய வாடை அடிக்கிறது. குத்திட்டு நிற்கும் காலி ஷெல்களைப் பார்த்தாலே நடந்தது புரிந்துவிடும். யாரும் பிரசங்கம் செய்வதில்லை. பிரசங்கம் செய்யவேண்டிய பாதிரியார் கிரிகோரியோ துப்பாக்கியும் கையுமாகக் கூரைமேல் நின்று, தன் பழைய சபையினரைச் சுட்டு அவர்களுக்கு விடுதலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இங்கே காதுக்குத்தான் வேலை அதிகம். வேக ஜாம்பி வருவது முதலில் கண்ணில் படாது. சுவரோரத் தண்ணீர்க் குழாய் கடகடவென்று அதிரும். எந்தக் குழாய் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் கூரை விளிம்பில் கை தெரியும். சாதா ஜாம்பி தீப்பற்றி எரியும்போது போடும் அலறலைப் பின்னோக்கி ஓட்டிக் கேட்டவர்கள், உள்ளே ஒரு மனிதக் குரல் கடவுளைக் கூப்பிட்டுக் கெஞ்சுவதைக் கண்டுபிடித்தார்கள். ஹெட்கிராப் கழன்று விழுந்தால் வாய் திறந்தபடி உறைந்த முகம் ஒன்று அடியில் இருக்கும். இதைப் பார்த்தபிறகு வீரசாகசம் என்று மார்தட்ட மனசு வராது.

ஹெட்கிராப் வகைகளில் எது அதிகம் பயமுறுத்துகிறது என்றால், என் ஓட்டு கறுப்பு ஹெட்கிராப்புக்கு. விஷ ஜாதி. கடித்தால் நம் உயிர்க்கணக்கு நூறாக இருந்தாலும் ஒரே அடியில் ஒன்றுக்கு இறங்கிவிடும். ஆனால் அந்தக் கடி கொல்லாது. நாம் போட்டிருக்கும் கவச உடை மாற்று மருந்தை ஏற்ற, எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அதுவரை மற்ற எது நம்மைத் தொட்டாலும் கதை முடிந்தது. நிதானமாக நகரும் இதைச் சுடுவது ஒன்றும் கஷ்டமில்லை. இருட்டில் அதன் கிலுகிலுப்புச் சத்தம் கேட்டால், எதிரே அறைய வரும் ஜாம்பியைக்கூட விட்டுவிட்டு முதலில் தரையைத்தான் தேடுவோம். கொல்லாத ஒன்றுக்காகக் கொல்ல வருவதை மறக்கவைப்பது சாமானிய வித்தை இல்லை. 2020இல் வந்த ‘ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்’ இதே பிராணிக்குக் கவச ஓடு மாட்டி, தாவும்போது அடிவயிற்றைப் பார்த்துச் சுடும்படி வைத்தது. கெட்டிக்காரத்தனமான புதிர்தான். ஆனால் விடை தெரிந்ததும் பயம் போய்விடுகிறது. கறுப்பு ஜாதியிடம் அப்படிப் போவதில்லை.

ஆயுதமாக ஹெட்கிராப்புக்கு ஒரே குறை, அதற்கு முதலாளி யாரென்று தெரியாது. 2006இல் வந்த ‘எபிசோட் ஒன்’ பகுதியில் கம்பைன் சிப்பாய்களின் தலைகளிலும் அது ஏறிவிடுகிறது. அது ஏறிய சிப்பாய் கையெறி குண்டைப் பிடித்துக்கொண்டு ஆளைப் பார்த்து ஓடிவருகிறான். அந்தக் கட்டங்களில் ஜாம்பிகளும் சிப்பாய்களும் ஒருவரோடொருவர் மோதும் நேரம் அடிக்கடி வாய்க்கும். அப்போது தூண் மறைவில் சும்மா நின்றுவிடுவது நல்லது. தோட்டாவாவது மிச்சமாகும்.