முடிவைத் திருத்தலாமா?

ஆங்கில நாவல்களை ஒன்றுகூடி வாசிக்கும் சிறு குழுவொன்றில் சில திங்கள்களாக நாம் பங்குகொண்டு வருகிறோம். இறையியல் மாணவரும் சபையார் சிலரும் அடங்கிய அக்குழு, இவ்வாண்டு திகில் நாவல்களையும், வருங்காலத்தைக் கொடுங்கோன்மையின் காலமாகப் புனைந்து காட்டும் நாவல்களையும் எடுத்துக்கொண்டது. கதைகளைப்பற்றி எழுந்த கருத்து வேற்றுமையைவிட, அவற்றின் முடிவுகளைப்பற்றி எழுந்ததே பெரிது. நம்பிக்கையற்று முடியும் நூலைக் கிறிஸ்தவன் எதற்காக வாசிக்கவேண்டும் என்று மூத்த அங்கத்தினர் ஒருவர் வினவினார். வினா எளிதாகத் தோன்றினும் விடை எளிதன்று.

அவர் மனத்திலிருந்தது ஜார்ஜ் ஆர்வெல் 1949-ல் வெளியிட்ட '1984'. அதன் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித், தான் மிக அஞ்சும் எலிகளுக்குமுன் நிறுத்தப்பட்டபோது, அத்தண்டனையைத் தன் காதலி ஜூலியாவுக்கு மாற்றிவிடும்படி கதறுகிறான். பிறருக்காகத் தன்னைக் கொடுத்தல் என்னும் சிலுவையின் பொருளை அப்படியே தலைகீழாக்கிய காட்சி இது. இறுதிப் பக்கத்திலோ அவன் கண்ணீரோடு கொடுங்கோலனை நேசிக்கிறான். பாவம் வெண்மையாவதற்கு ஏசாயா முதல் அதிகாரம் கையாளும் பனியின் உவமையை, மூளையும் மனமும் வெறுமையாக்கப்பட்ட அம்மனிதனின் ஆன்மாவுக்கு ஆர்வெல் சூட்டுகிறார். மனந்திரும்புதலின் சொற்கள் அனைத்தும் உள்ளன. திரும்புவதற்கு மனந்தான் இல்லை. இதைக் கண்டு வருந்தாத போதகன் தன் சொற்களின் விலையை அறியாதவன்.

நாவலுக்குப்பின் ஒரு பிற்சேர்க்கை உண்டு. ஆட்சியாளர் வகுத்த செயற்கைமொழியை விளக்கும் அக்கட்டுரை இறந்தகாலத்தில் எழுதப்பட்டுள்ளமையால், அவ்வாட்சி ஒருநாள் ஒழிந்தது என்பதற்கு அதுவே சான்று என்பர் சிலர். நாவலாசிரியர் மார்கரெட் அட்வுட் அவர்களுள் ஒருவர். அமெரிக்கப் புத்தகக் கழகமொன்று அப்பகுதியை நீக்கும்படி கேட்டபோது ஆர்வெல் மறுத்துவிட்டார் என்பதும் உண்மையே. எம் மாணவர்கள் இவ்விளக்கத்தை ஆர்வத்தோடு பற்றிக்கொண்டனர். நாம் இதனை மறுக்கவில்லை. ஆயினும் அந்த இறந்தகால வினைமுற்றுகள் வின்ஸ்டனை மீட்கவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். வரலாறு தப்பியிருக்கலாம்; அவன் தப்பவில்லை.

ரிச்சர்ட் மாத்திசன் 1954-ல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' இன்னும் கூர்மையான வழக்கு. கொள்ளைநோயால் மாந்தர் இரத்தம் குடிக்கும் உருக்களாகிவிட்ட நகரில் ராபர்ட் நெவில் ஒருவன்மட்டும் எஞ்சியிருந்து, பகலில் உறங்கும் அவற்றைத் தேடிக் கொல்கிறான். அவற்றுள் ஒரு சாரார் நோயை அடக்கி வாழக் கற்றுப் புதிய சமுதாயம் அமைத்திருந்ததை அவன் அறியவில்லை. பிடிபட்டு, சன்னல்வழியே கூட்டத்தைப் பார்க்கும்போது, அம்முகங்களிலுள்ள அச்சம் தன்னைக் குறித்ததே என்று உணர்கிறான். உறங்குவோரைக் கொல்ல வரும் பேயாக அவர்களுக்கு அவனே இருந்திருக்கிறான். தாவீதின்முன் நாத்தான் நின்றதைப்போல இந்நாவலின் கடைசிப் பக்கம் வாசகன்முன் நிற்கிறது. இத்தனை பக்கங்களும் நெவிலின் பக்கம் நின்று அவன் செய்த கொலைகளுக்குத் தலையசைத்தவர்கள் நாமல்லவா?

2007-ல் திரைக்கு வந்த படமோ முடிவை மாற்றிவிட்டது. அதில் நெவில் நோய்க்கு மருந்து கண்டு, அதைப் பிறர் கையில் ஒப்புவித்துத் தன்னுயிரைக் கொடுக்கிறான். இங்கே கிறிஸ்துவின் சாயலைக் காண்கிறோம் என்று எம் குழுவினர் பலர் மகிழ்ந்தனர். நாம் அவர்களோடு உடன்பட இயலவில்லை. வெளித்தோற்றத்தில் பக்தியுள்ள இம்முடிவு, நாவலில் இருந்த நியாயத்தீர்ப்பை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் பாராட்டை வைத்துவிட்டது. கொலைசெய்தவனுக்குத் தன்னைக் காணும் கண் கொடுக்கப்பட்டிருந்தது. படம் அதை மூடிவிட்டது. அதே படத்திற்காக எடுக்கப்பட்டுப் பின்னர் ஒளித்தட்டில் வெளிவந்த மாற்று முடிவில், பகைவன் எனக் கருதப்பட்ட உரு தன் துணையைக் கேட்டு வருகிறது. நெவில் அவளைத் திருப்பிக் கொடுக்கிறான். நாவலின் பொருளுக்கு அதுவே நெருக்கமானது.

எப்போதும் இருளே மூலம், ஒளியே இடைச்செருகல் என்று எண்ணிவிடலாகாது. ஆன்டனி பர்ஜெஸின் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' 1962-ல் இலண்டனில் 21 அதிகாரங்களோடு வெளிவந்தது; அமெரிக்கப் பதிப்பாளர் கடைசி அதிகாரத்தை நீக்கிவிட்டனர். கூப்ரிக்கின் 1971-ஆம் ஆண்டுத் திரைப்படமும் அது இல்லாமலே முடிகிறது. 1986-ல்தான் அமெரிக்க வாசகர்க்கு அவ்வதிகாரம் கிட்டியது. அதில் கொடியவனான அலெக்ஸ் வன்முறையில் சலிப்புற்று, மனைவியையும் மகனையும் விரும்பத் தொடங்குகிறான். ஆசிரியர் எழுதியதை அறுத்தது பிழையே. ஆனால் அலெக்ஸுக்கு நேர்வது மனந்திரும்புதலா, வெறும் வயது முதிர்ச்சியா? தான் கெடுத்தவர்களை அவன் நினைப்பதில்லை. தன் மகனும் இப்படியே செய்வான், தடுக்க இயலாது என்கிறான். இந்நாவலின் உண்மையான நம்பிக்கை சிறைச்சாலைக் குருவிடமே இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. மதுவாடை வீசும், பதவி உயர்வில் கண்ணுள்ள மனிதர் அவர். (நம் ஊழியத்தைச் சேர்ந்தவரை ஆசிரியர் நன்கறிந்திருக்கிறார்!) ஆயினும், தெரிந்துகொள்ளும் உரிமையின்றி வரும் நன்மை நன்மையாகுமா என்று அவரே கேட்கிறார்.

முடிவைத் திருத்தும் கை நமக்கும் புதிதன்று. மாற்கு நற்செய்தி, நான்காம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் சுவடிகளில், 16-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. கல்லறையைவிட்டு ஓடிய பெண்கள், அச்சத்தினால் எவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. கிரேக்கத்தில் இறுதிச் சொல் 'ஏனெனில்' என்னும் பொருள்தரும் ஓர் இடைச்சொல்! கடைசி ஏடு தொலைந்ததென்பாரும் உளர். எவ்வாறாயினும் பழங்காலத்தார் அங்கே நிற்க மனமில்லாமல் குறுகியதொன்றும் நெடியதொன்றுமாக முடிவுகளைச் சேர்த்தனர். நெடியதே நம் பழைய மொழிபெயர்ப்பில் 9 முதல் 20 வரை வாசிக்கப்படுகிறது. உயிர்த்தெழுதலை மாற்கு மறைக்கவில்லை. வெண்ணங்கி தரித்த வாலிபன் அதை அறிவித்துவிட்டான். நற்செய்தி கேட்கப்பட்டபின்னும் அச்சம் எஞ்சியிருந்தது என்பதே நமக்குப் பொறுக்கவில்லை.

பல ஆண்டுகளுக்குமுன் ஓர் இளைஞனின் அடக்க ஆராதனையில், அவன் மரணத்தை வேகமாகக் கடந்து, மகிமையைப்பற்றி விரிவாகப் பிரசங்கித்தோம். மறுவாரம் அவன் தாயார் சொன்னார்: "ஐயா, நீங்க சொன்னதெல்லாம் சரிதான். ஆனா எம் மகன் செத்துப்போனான்னு நீங்க ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே." குழுவில் முடிவுகளைப்பற்றிய வாதம் எழும்போதெல்லாம் அவ்வம்மையாரின் குரலே நம் செவியில் ஒலித்தது.

மூத்த அங்கத்தினரின் வினாவுக்கு யூதரின் வழக்கமொன்றை எடுத்துக்காட்டினோம். எருசலேமின் அழிவை நினைவுகூரும் நாளில் அவர்கள் புலம்பல் நூலை வாசிக்கின்றனர். அதன் இறுதி வசனம், தேவன் எம்மை முற்றிலும் தள்ளிவிட்டாரோ என்ற ஏக்கத்தில் நிற்கிறது. அதை வாசித்தபின், எம்மைத் திருப்பும் என வேண்டும் 21-ஆம் வசனத்தை மீண்டும் ஒருமுறை வாசிப்பர். ஆனால் 22-ஆம் வசனத்தை அவர்கள் விட்டுவிடுவதுமில்லை, மாற்றி எழுதுவதுமில்லை.

அவர் நெடுநேரம் மௌனமாயிருந்தார். '1984' அவருக்கு இன்றும் பிடிக்கவில்லை. அடுத்த திங்களுக்கு 'டிராக்குலா'வை வாசிக்கலாம் என்று அவரே முன்மொழிந்தார். அதன் முடிவில் ஒரு குழந்தை பிறக்கிறது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.