கண்ணீருக்குள் ஒரு முகம்

யானை லத்தியை ஒட்டி வைத்தால் அது ஓவியமா? க்ரிஸ் ஒஃபிலி என்றதும் இந்த ஒரு கேள்வியைத்தான் எல்லாரும் கேட்டார்கள். 1998இல் இங்கிலாந்தின் டர்னர் பரிசைப் பெற்றார். அதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர். ஆத்திரம் தாங்காத ஓர் ஆள் டேட் கலைக்கூடப் படிக்கட்டில் சாணியைக் கொட்டிவிட்டுப் போனார். 1999இல் நியூயார்க்கின் ப்ரூக்ளின் அருங்காட்சியகத்தில் இவருடைய கறுப்பு மேரி மாதாவை வைத்தபோது, மேயர் ஜூலியானி மாநகராட்சிப் பணத்தை நிறுத்தப் பார்த்தார். ஒரு முதியவர் படத்தின் மேலேயே பெயின்ட் பூசினார். கறுப்பு மாதாவை மறைக்க அவர் எடுத்தது வெள்ளை பெயின்ட்! தீட்டு எல்லா ஊரிலும் இருக்கு.

ஒஃபிலி 1968இல் மான்செஸ்டரில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1992இல் ஜிம்பாப்வே போய், மடோபோ குன்றுகளின் பாறை ஓவியங்களில் புள்ளிபுள்ளியாய் வைத்திருந்ததைப் பார்த்தார். லத்தியைக் கையில் எடுத்ததும் அங்கேதான். லண்டன் திரும்பியபின் அது மிருகக்காட்சிச் சாலையிலிருந்து வந்தது. ஆப்பிரிக்கான்னா யானையும் காடும்தான் என்கிற வெள்ளைப் புத்திக்கு இதைவிட நல்ல நையாண்டி வேண்டுமா? தூய பாரம்பரியம் எதையும் இவர் தலையில் சுமந்து வரவில்லை. ரெசின், ஜிகினா, குண்டூசி, பத்திரிகைத் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துத் தன் ஆப்பிரிக்காவைத் தானே கட்டிக்கொள்கிறார்.

ஒன்று உறுத்துகிறது. மேரியைச் சுற்றி ஆபாசப் பத்திரிகைகளில் வெட்டிய பெண்ணுடல் துண்டுகள் பறக்கின்றன. அந்த உடம்பை மீட்டாரா, மறுபடியும் காட்சிக்கு வைத்தாரா? அந்தப் படம் பதில் சொல்லவில்லை.

1998இல் வரைந்த 'நோ வுமன், நோ க்ரை' அப்படி இல்லை. எட்டடி உயரத்தில் அழுகிற ஒரு கறுப்புத் தாய். 1993 ஏப்ரலில், லண்டனில் பஸ்ஸுக்குக் காத்திருந்த 18 வயது ஸ்டீஃபன் லாரன்ஸை வெள்ளை இனவெறிக் கும்பல் குத்திக் கொன்றது. அவனுடைய அம்மா டோரீன் நீதி கேட்டு நடையாய் நடந்தார். போலீஸ் அமைப்புக்குள்ளேயே இனவெறி இருக்கிறது என்று 1999இல் விசாரணை அறிக்கை சொன்னது. கொலையாளிகளில் இருவருக்குத் தண்டனை கிடைக்க 2012 ஆயிற்று.

படத்தில் வழிகிற ஒவ்வொரு சொட்டுக்குள்ளும் அந்தப் பையன் முகம் பொடிசாய் ஒட்டியிருக்கிறது. விளக்கை அணைத்தால் அவன் பெயர் இருட்டில் ஒளிர்கிறது. தாயின் மாரில் பதக்கமாய் இருப்பது லத்தி உருண்டை. படம் முழுவதையும் தாங்கி நிற்பதும் இரண்டு லத்தி உருண்டைகள்தான். எதை அசிங்கம் என்றார்களோ, அதுவே அவளுக்கு நகை, அதுவே அவளுக்குக் கால்.

மூக்கைப் பொத்திக்கொண்டு தூர நின்றவர்களுக்கு இது தெரியாது. கிட்டே போனால்தான் கண்ணீருக்குள் இருக்கிற முகம் தெரியும்.