டேப்பில் உரியும் ஏடு

நானோ மின்னணுவியல் என்றதும் பெரும் விலையுள்ள இயந்திரங்கள்தாம் நினைவுக்கு வரும். அந்தத் துறையின் ஆய்வுக்கூடங்களில் எனக்கு மிகவும் பிடித்த கருவி, சாதாரண ஒட்டும் டேப்.

2004-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் கிராஃபைட்டை டேப்பால் உரித்தே ஓரணுத் தடிமனுள்ள கிராஃபீனைப் பிரித்தெடுத்தார்கள். 2010-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் கிராஃபீனில் மின்னோட்டத்தை முழுதாக நிறுத்த முடியாது. அணைக்க முடியாத சுவிட்ச் சிப்புக்கு ஆகாது. அந்த இடத்துக்கு வந்தது மாலிப்டினம் டைசல்ஃபைடு, இயந்திரங்களில் மசகாகப் பயன்படும் கரிய பொருள். அடுக்குகள் எளிதில் வழுக்குவதால்தான் அது மசகு. அதனாலேயே உரிக்கவும் வருகிறது. 0.65 நானோமீட்டர் தடிமனுள்ள அதன் ஒற்றை ஏட்டில் நன்றாக அணையும் டிரான்சிஸ்டரை 2011-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள்.

செய்முறையே தனி அழகு. மாலிப்டினம் டைசல்ஃபைடு துணுக்கை டேப்பில் வைத்து, மடித்து ஒட்டிப் பிரித்தால் அது இரண்டாகும். திரும்பத் திரும்பச் செய்தால் டேப் முழுக்கச் சாம்பல் மினுமினுப்பு பரவும். அதைச் சிலிக்கான் தகட்டில் அழுத்தி, மெல்ல உரித்து, மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். தடித்த துண்டுகள் பளிச்சென்று தெரியும். ஒற்றை ஏடோ பின்னணியிலிருந்து ஒரு சாயல்தான் மாறியிருக்கும். தகட்டின் ஆக்சைடு படலம் சரியான தடிமனில் இருந்தால்தான் அந்தச் சாயலும் தெரியும். மூன்றே அணு வரிசைகள் கொண்ட அந்த ஏட்டை அப்படிக் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும்.

தொழிற்சாலைக்கு இந்த முறை போதாது. அங்கே ஏடுகளை ஆவியிலிருந்து தகட்டின்மேல் வளர்க்க வேண்டும். ஆனாலும் புதுப் பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று முதலில் அறிய, தேர்ந்த கைகள் இன்றும் டேப்பைத்தான் எடுக்கின்றன.