பச்சைக் குழந்தைக்குக் காண்டாக்ட் லென்ஸா?

குழந்தைக்குக் காண்டாக்ட் லென்ஸ் என்ற பேச்சு எழுந்ததுமே பெற்றோர் கேட்பது, “எத்தனை வயசிலிருந்து போடலாம்?” என்பதைத்தான். வயதை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. பிறந்து சில வாரங்களே ஆன சிசுக்களும் லென்ஸ் அணிகிறார்கள்.

பிறவிக் கண்புரை உள்ள சிசுவுக்கு அறுவை செய்து, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை எடுத்துவிடுவார்கள். ஒரு கண்ணில் மட்டும் எடுத்திருந்தால் மூக்குக்கண்ணாடி சரிப்படாது. அந்தக் கண்ணுக்கு உருவம் பெரிதாகவும் மறு கண்ணுக்கு இயல்பாகவும் தெரிய, மூளை இரண்டையும் சேர்க்கத் திணறும். உள்ளே செயற்கை லென்ஸ் பொருத்துவதா, வெளியே காண்டாக்ட் லென்ஸ் போடுவதா என்ற வழக்கைத் தீர்க்க, அமெரிக்காவில் 2004-இல் தொடங்கிய ஆய்வு ஏழு மாதத்துக்கு உட்பட்ட 114 சிசுக்களை இரு பிரிவாக்கியது. நாலரை வயதில் இரு பிரிவின் பார்வையும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஐந்து வயதுக்குள் மீண்டும் கண்ணுக்குள் அறுவை தேவைப்பட்டோர், செயற்கை லென்ஸ் பிரிவில் 72 விழுக்காடு. காண்டாக்ட் லென்ஸ் பிரிவில் 21 விழுக்காடுதான். இது காண்டாக்ட் லென்ஸுக்குச் சாதகமான வலுவான சான்று.

அதே ஆய்வு வருத்தமான ஒன்றையும் காட்டுகிறது. இரு பிரிவிலும் இடைநிலைப் பார்வை 6/48 அளவில்தான் நின்றது; அதாவது, இயல்பான கண் 48 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில்தான் காண முடியும். லென்ஸ் கண்ணில் நிற்பது வேறு, கண் பார்ப்பது வேறு. நல்ல கண்ணை நாள்தோறும் பல மணி நேரம் மூடி வைத்து, பலவீனமான கண்ணைப் பழக்க வேண்டும். அழும் குழந்தையோடு அந்தப் பாட்டைப் படுவது பெற்றோர். இந்த வயதில் லென்ஸ் அணிவது குழந்தை என்றாலும், அதை நடத்திக்காட்டுவது அவர்களே.

எட்டு வயதுக்கு மேல் கதை மாறுகிறது. 8–12 வயதினர் லென்ஸைப் போட்டுக் கழற்றக் கற்றுக்கொள்கிறார்கள் என்றும், பதின்வயதினரைவிடச் சுமார் 15 நிமிடமே கூடுதலாகப் பிடிக்கிறது என்றும் 2007-இல் வந்த ஆய்வு காட்டியது. 484 குழந்தைகளை மூன்றாண்டுகள் தொடர்ந்த இன்னோர் ஆய்வில், லென்ஸ் அணிந்தவர்களுக்குத் தோற்றம் பற்றியும் விளையாட்டுத் திறன் பற்றியும் நம்பிக்கை கூடியது. ஒட்டுமொத்தத் தன்மதிப்பு கூடவில்லை. லென்ஸ் நிறுவனத்தின் நிதியில் நடந்த ஆய்வு இது. எனவே தன்மதிப்பு கூடவில்லை என்ற, நிறுவனத்துக்குச் சாதகமில்லாத முடிவுக்கு நான் கூடுதல் எடை தருவேன்.

கிட்டப்பார்வை கூடுவதைத் தணிக்கும் லென்ஸ்கள்தான் இன்று அதிகம் பேசப்படுகின்றன. அவற்றில் ஒன்றான மிசைட் லென்ஸ், அந்தக் கூடுதலை மூன்றாண்டில் 59 விழுக்காடு குறைத்தது என்பார்கள். கண்ணாடிப் பவரின் அலகான டையாப்டரில் சொன்னால், அது முக்கால் டையாப்டருக்குச் சற்றே குறைவு. அமெரிக்க அரசின் நிதியில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், வேறொரு பலகுவிய லென்ஸ் தந்த பலன் அரை டையாப்டரைக்கூட எட்டவில்லை. பலன் உண்மை, மாயமில்லை. இதே வேலைக்கென ஹாங்காங்கில் சோதிக்கப்பட்ட மூக்குக்கண்ணாடியும் இரண்டாண்டில் ஏறக்குறைய பாதியாகக் குறைத்திருப்பதால், லென்ஸ்தான் ஒரே வழி என்ற வாதம் நிற்காது.

ஆபத்துக் கணக்கு பலர் அஞ்சும் அளவுக்கு இல்லை. 963 குழந்தைகளின் பதிவுகளில், மொத்தம் 2,713 ஆண்டு அணிதலுக்குக் கருவிழியில் கிருமித் தொற்று இரண்டு. இவர்கள் ஒழுங்காக மருத்துவரிடம் போனவர்கள் என்பதை மறக்கக் கூடாது. லென்ஸோடு தூங்குவதும் அதன்மீது குழாய்த் தண்ணீர் படுவதும் இந்தக் கணக்கைக் கெடுத்துவிடும்.

என் தீர்ப்பு இது. கண்புரை எடுத்த சிசுவுக்கு மருத்துவர் சொன்னால் தயங்க வேண்டாம். எட்டு வயதுக்கு மேல், குழந்தையே விரும்பி, கைகழுவித் தானே போட்டுக் கழற்றினால், அன்றன்றைக்கு எறிந்துவிடும் லென்ஸ் சரி. சிக்கல் இடைப்பட்ட மூன்று முதல் ஏழு வயதுதான்: கையைப் பிடித்துப் போட்டுவிடவும் முடியாது, தானே பொறுப்பேற்கவும் தெரியாது. மருத்துவக் காரணமில்லாமல் அந்த வயதில் லென்ஸ் கேட்கும் பெற்றோருக்கு, மருத்துவர் முடியாது என்றே சொல்ல வேண்டும்.