காரோட்டில் ஒரு டகரம்

தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள காரோடு என்ற ஊரின் பெயரைத் தமிழில் எழுதினாலும் மலையாளத்தில் எழுதினாலும் நடுவில் நிற்பது ‘பட்டு’ என்பதில் வரும் அதே டகரம்தான். ஆங்கிலத்தில் மட்டும் ‘டாக்டர்’ என்பதன் முதலெழுத்தைப் போடுகிறார்கள். குரல்வளையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். ‘காரோடு’ என்னும்போது டகரத்தில் அதிர்வு அறுவதில்லை. ‘பட்டு’ என்னும்போது நடுவில் ஒரு கணம் அறுந்து மீளும். அறுந்த அந்தக் கணத்துக்கு என்ன பெயர் என்பதில்தான் மரபுகள் பிரிகின்றன.

பிராதிசாக்கியங்கள் என்னும் வடமொழி ஒலியியல் நூல்கள் மிடற்றையே பார்த்தன: திறந்திருந்தால் சுவாசம், மூடியிருந்தால் நாதம். முஞ்சிறை அருகே பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-இல் நிறுவிய சாலை என்னும் கல்விக்கூடத்தில் 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, இடம். வியாகரணம் என்னும் வடமொழி இலக்கணம் தெரியாதவருக்கு இடமில்லை. ஆக, அந்த வடமொழிப் பாடம் எங்கள் எல்லை மண்ணுக்குப் புதிதல்ல.

தமிழ் மரபு வேறு வழி போயிற்று. தொல்காப்பியம் கேட்ட அதங்கோட்டாசான் இங்குள்ள அதங்கோட்டுக்காரர் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தொல்காப்பியர் உந்தியிலிருந்து எழும் வளியையும் நாவும் அண்ணமும் பொருந்தும் இடத்தையும் நுட்பமாகச் சொல்கிறார். அதிர்வை வைத்து எழுத்தைப் பிரிக்கவில்லை. நன்னூலார் வல்லினத்துக்கு நெஞ்சையும் மெல்லினத்துக்கு மூக்கையும் இடமாக்கினார். அதிரும் ஒலிக்குத் தனியெழுத்து இல்லாதது குறையென்று சிலர் சொல்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை: மொழிமுதலிலும் இரட்டிக்கும்போதும் அதிராது, உயிர்களுக்கு நடுவே அதிரும் என்று இடமே தீர்மானிக்கும்போது தனியெழுத்து எதற்கு? 1856-இல் கால்டுவெல் இதையே விதியாக்கினார். அதிராத ஒலிக்கு அவர் கையாண்ட ஐரோப்பியச் சொல்லுக்கு இலத்தீனில் ‘செவிடு’ என்று பொருள்!

சிக்கல் மலையாள வகுப்பில். அங்கே அதிராத ககரத்துக்குப் பெயர் ‘கரம்’, அதன் மூச்சொலி அதிகரம், அதிரும் ககரம் மிருது, அதன் மூச்சொலி கோஷம், ங அனுநாசிகம். வடமொழியில் அதிரும் ஒலி எல்லாமே கோஷம். மலையாளத்தில் நான்காவது மட்டும். மிருது என்றாலும் மென்மைதான். ஆனால் நம் மெல்லினமோ ங, ஞ, ண முதலிய மூக்கொலிகள். 1956-இல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்குமாகப் பிரிந்த பின், ஒரே வீட்டுப் பிள்ளைகள் ‘மென்மை’யை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள்.

அதிராத ஒலிக்கு இன்றைய மொழியியலார் சொல்லும் ‘ஒலிப்பிலா ஒலி’ என்ற பெயர் எனக்கு உவப்பில்லை. இல்லாததைச் சொல்லிப் பெயரிடுவதைவிடச் சுவாசம் என்ற பழம்பெயர் மேல். எல்லைப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: மெல்லினத்தையும் மிருதுவையும் ஒரே நாளில், ஒரே கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்.