வாஷிங்டனுக்கு எந்த இடம்?

நம்ம வாஷிங்டன் சுந்தரை எத்தனாவதாக ஆட விடலாம்? வல்லத்திராக்கோட்டை டீக்கடையில் கேட்டால் ஆளுக்கொரு நம்பர் சொல்வார்கள். இந்திய அணி நிர்வாகமும் அதையேதான் செய்தது!

கணக்கைப் பாருங்கள். 2021, அகமதாபாத் டெஸ்ட். எட்டாவதாக இறங்கினார். கூட நிற்க ஆளில்லாமல் 96 நாட் அவுட். 2025 ஜூலை, மான்செஸ்டர். ஐந்தாவதாக வந்து 206 பந்துகள் தாக்குப்பிடித்து 101 நாட் அவுட். தோற்க வேண்டிய டெஸ்ட் டிரா ஆனது. நவம்பரில் கொல்கத்தா. திடீரென்று மூன்றாவது! அணியே 93-க்குச் சுருண்ட இன்னிங்ஸில் இவருடைய 31தான் அதிகபட்சம். அதற்குப் பரிசு? அடுத்த டெஸ்ட்டில் மறுபடி எட்டு.

‘பவுலர்தானே, கீழே ஆடட்டுமே’ என்பீர்கள். வாஸ்தவம், 2024 புனே டெஸ்ட்டில் 11 விக்கெட் எடுத்தவர். அதற்காக பேட்டிங்கை வீணடிக்கணுமா?

அமெரிக்க கூடைப்பந்தில் கெவின் டுரான்ட்டுக்கும் இதே கதை. ஆறே முக்கால் அடி ஆளை 2007-ல் கார்டாக நிறுத்தினார்கள். அடுத்த சீசனில் ஃபார்வர்டாக மாற்றினார்கள். மேட்ச்சுக்கு 20 புள்ளி சராசரி, 25 ஆனது.

என் ஓட்டு ஐந்தாம் இடத்துக்கு. பத்து டெஸ்ட்டுக்கு அங்கேயே விடுங்கள். எங்கே போட்டாலும் ஆடுகிற பிள்ளை என்பதற்காக ஊர் சுற்ற விடாதீர்கள், ஐயா!